பழைய தேசப்படமும் 3 ரூபாயும்: வெளிநாட்டில் மேல்படிப்புக்கு என்ன செலவாகும்?

1896-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. மதுரையில் ஒரு வீடு.

அண்ணன் நாகசாமி தம்பியைக் கூப்பிட்டார். பெட்டியில் இருக்கும் 5 ரூபாயை எடுத்துப் போய்த் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். தம்பியின் பெயர் வேங்கடராமன். வயது 16.

தம்பி 5 ரூபாயையும் எடுக்கவில்லை. 3 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு ரெயில் நிலையத்துக்கு நடந்தார்.

அவர் போக விரும்பிய ஊர், திருவண்ணாமலை. எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அவர் எப்படிக் கணக்கிட்டார் தெரியுமா? வீட்டில் கிடந்த பழைய தேசப்படத்தைப் பார்த்து! அந்தப் படத்தில் திருவண்ணாமலைக்கு ரெயில் பாதை இல்லை. பக்கத்து நிலையம் திண்டிவனம் என்று தோன்றியது. ஆனால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் புதிய பாதை வந்துவிட்டது. படத்துக்கு அது தெரியாது.

நிலையத்தில் கட்டணப் பலகையைப் பார்த்தார். திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா. டிக்கெட் வாங்கினார். கையில் மிச்சம் 3 அணா. பலகையில் இன்னும் சில வரிகள் கீழே பார்த்திருந்தால் திருவண்ணாமலையின் பெயரும் கண்ணில் பட்டிருக்கும் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அதற்குக் கட்டணம், சரியாக 3 ரூபாய்!

விஷயம் ரெயிலில்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினார். கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அதற்கு மேல் நடை. கடைசியில் திருக்கோவிலூரில், காதில் கிடந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். கடுக்கனின் மதிப்போ ஏறக்குறைய 20 ரூபாய். செப்டம்பர் 1-ந் தேதி காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

அவர் படிப்பை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தவர். இன்று இந்த ஊரின் பிள்ளைகள் படிப்பைத் தேடி வெளிநாடு போக நினைக்கிறார்கள். கிரிவலப் பாதையில் வெள்ளைக்காரர்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்தத் தேசங்கள் அவ்வளவு தூரமாகத் தோன்றுவதில்லை. ஆனால் பல வீடுகளில் கணக்குப் பார்ப்பது இன்றும் பழைய தேசப்படத்தை வைத்துத்தான்.

இலவசம் எங்கே?

"ஐரோப்பாவில் படிப்பு இலவசம். என் மச்சான் மகன் அப்படித்தான் படித்தான்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மச்சான் மகன் போன ஆண்டு எது என்பதுதான் கேள்வி.

சுவீடன், இந்திய மாணவர்களிடம் 2011-ல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பின்லாந்து 2017-ல் தொடங்கியது. நார்வே வெகுநாள் தாக்குப்பிடித்தது. 2023-ல் அதுவும் கதவைச் சாத்தியது.

மற்ற நாடுகளின் எண்களும் அப்படியே. ஒரு மாணவர் தன் சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் வைத்திருப்பதாகக் காட்டவேண்டிய பணம், கனடாவில் பல ஆண்டுகள் 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆயிற்று. 2025 செப்டம்பரில் 22,895 ஆயிற்று. (கனடா டாலர், அமெரிக்க டாலரைவிட மதிப்பில் குறைந்தது.)

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவுக்குக் கட்டணம் 710 டாலராக இருந்தது. 2024 ஜூலையில் 1,600 ஆனது. அடுத்த ஜூலையில் 2,000. நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்! இது படிப்புக்கு அல்ல, மனுவுக்கு மட்டும்.

ஆகவே எந்த எண்ணை எழுதினாலும், பக்கத்தில் அது எந்த ஆண்டின் எண் என்றும் எழுதவேண்டும். கீழே வரும் கணக்குகள் 2025-ம் ஆண்டின் நிலவரத்தை ஒட்டியவை. ஒரு யூரோ 100 ரூபாய், ஒரு பவுன் 115 ரூபாய், ஒரு அமெரிக்க டாலர் 88 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனி: சம்பளம் இல்லை, செலவு உண்டு

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிப்புக்குச் சம்பளம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை கட்டவேண்டும். அது இடத்துக்கு இடம் மாறும். பல ஊர்களில் பஸ், ரெயில் சீட்டும் அதிலேயே அடங்கிவிடும்.

அப்படியானால் கையை வீசிக்கொண்டு போகலாமா? முடியாது. விசா கேட்கும்போதே, ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டுப் பூட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய்! இது கட்டணம் அல்ல. மாணவரின் சொந்தப் பணம். ஆனால் மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோ என்று அளந்து கொடுப்பார்கள்.

இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. சம்பளம் இல்லாத படிப்புக்கு 12 லட்சம் ஏன் என்று தகப்பனார் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பணத்தை முதலில் காட்டாமல் காரியம் நடக்காது. மொத்தச் செலவு குறைவு. முதல் நாள் தேவைப்படும் பணம் அதிகம். இதுதான் ஜெர்மனிக் கணக்கு.

இன்னும் சில சில்லறைகள் உண்டு. இந்திய மாணவரின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் 'ஏ.பி.எஸ்.' சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய். விசாவுக்கு 75 யூரோ. அங்கே போனபின் நோய்க் காப்பீட்டுக்கு மாதம் 100 யூரோவுக்கு மேல். விமானக் கட்டணம் வேறு.

அறை கிடைத்தால் முன்பணம் கேட்பார்கள். மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்க அந்த நாட்டுச் சட்டமே அனுமதிக்கிறது. மாதம் 400 யூரோ வாடகை என்றால், முன்பணம் 1,200 யூரோ வரை போகலாம். பூட்டிய கணக்கிலிருந்து மாதம் வருவதோ 992! ஆகவே முதல் மாதத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் 25 லட்சம் ரூபாய் அளவில் நிற்கும். மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம் என்பது 2024-ல் வந்த விதி. வேலை கிடைத்தால் இரண்டாம் ஆண்டுப் பாரம் குறையும்.

ஆனால் ஜெர்மனி முழுதும் ஒரே மாதிரி அல்ல. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்டணம். இரண்டு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் கூடுதல். புகழ்பெற்ற மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இறுதி முதல், புதிதாகச் சேரும் வெளிநாட்டு எம்.எஸ்சி. மாணவர்களிடம் அரையாண்டுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. இரண்டு ஆண்டுக்கு 16 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை!

தனியார் கல்லூரிகள் வேறு ரகம். அங்கே சம்பளம் உண்டு. "ஜெர்மனியில் இடம் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜெண்டு, அரசுப் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறாரா, தனியார் கல்லூரியைச் சொல்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு.

பிரான்சும் மலிவான நாடுகளில் ஒன்று. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 4,000 யூரோவுக்குள். அதைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன.

இங்கிலாந்து: ஒரே ஆண்டு

இங்கிலாந்தில் எம்.எஸ்சி. ஒரே ஆண்டில் முடிந்துவிடும். இதுதான் அந்த நாட்டின் கவர்ச்சி.

கட்டணம் பல இடங்களில் 20,000 பவுனைத் தாண்டும். 20,000 என்றே வைத்தாலும் 23 லட்சம் ரூபாய். சாப்பாடு, வாடகைக்கு 9 மாதப் பணம் வங்கியில் 28 நாட்கள் தொடர்ந்து இருக்கவேண்டும். 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுன். லண்டனில் 1,529 பவுன். 9 மாதத்துக்கு வெளியூரில் 12 லட்சம் ரூபாய். லண்டனில் 15 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். ஒரே படிப்புக்கு ஊரை மாற்றினால் ஏறக்குறைய 4 லட்சம் வித்தியாசம்!

விசாவுக்கு 524 பவுன். வைத்திய வரி ஆண்டுக்கு 776 பவுன். படிப்பு ஓர் ஆண்டுதான் என்றாலும் விசா அதற்குமேல் சில மாதங்கள் நீளும். அதனால் வைத்திய வரி ஒன்றரை ஆண்டுக்கு, அதாவது 1,164 பவுன் என்று வரும். அதுவே 1 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியலில் இந்த வரி இருக்காது.

எல்லாம் சேர்த்து, லண்டனுக்கு வெளியே 37 லட்சம் ரூபாய். ஜெர்மனியைவிட 12 லட்சம் அதிகம். ஆனால் ஓர் ஆண்டு முன்னதாகவே சம்பாதிக்கப் போகலாம். வேலை கிடைத்தால் இந்த ஓர் ஆண்டு லாபம். கிடைக்காவிட்டால் 37 லட்சமும் கடனாகத் தலையில் நிற்கும்.

திருக்கோவிலூருக்கு வந்த கணித மேதை

இங்கிலாந்துக்குப் போய் ஆராய்ச்சி செய்த தமிழர்களில் பெயர் பெற்றவர் சீனிவாச ராமானுஜன். அவரும் திருக்கோவிலூருக்கு வந்தவர்தான். 1910-ல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடி வந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர் அவர். ராமானுஜன் கேட்டு வந்தது ஒரு குமாஸ்தா வேலை!

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் அந்த வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. கப்பல் கட்டணமும் துணிமணிச் செலவும் தனி. அன்று ஒரு பவுன் 15 ரூபாய். ஆக 3,750 ரூபாய். அவருடைய குமாஸ்தாச் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

அந்த 250-ல் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது.

இந்த 50 பவுன் கவனிக்க வேண்டியது. படிக்கப் போகிறவர் வீட்டின் சம்பாத்தியக்காரராகவும் இருந்தால், அவர் போன பிறகு வீட்டு அடுப்பு எரிய வேண்டாமா? 1914-ல் அதையும் கணக்கில் எழுதினார்கள். இன்றைய வீடுகளில் கட்டணம் எழுதுகிறார்கள். விமானச் சீட்டு எழுதுகிறார்கள். இந்த ஒரு வரியைத்தான் மறந்துவிடுகிறார்கள். மாதம் 20,000 ரூபாய் கொண்டுவந்த பிள்ளை இரண்டு ஆண்டு படிக்கப் போனால், வீட்டுக்கு வராமல் போகும் பணம் 4 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் படிப்புச் செலவுதான்.

அமெரிக்கா: ரூபாய் இறங்கினால்...

அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். உதாரணத்துக்கு, ஆண்டுக் கட்டணம் 30,000 டாலர், சாப்பாடு வாடகைக்கு 15,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு 90,000 டாலர். 79 லட்சம் ரூபாய்!

இதில் இன்னொரு ஆபத்து. 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 75 ரூபாய் அளவில் இருந்தது. 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. 90,000 டாலருக்கு, டாலர் ஒரு ரூபாய் ஏறினால் செலவு 90,000 ரூபாய் ஏறும். 15 ரூபாய் ஏறினால் 13½ லட்சம். மாணவர் ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்யாமலே!

ஆனால் பி.எச்டி. ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்களின் கதை வேறு. விஞ்ஞானம், என்ஜினீயரிங் துறைகளில் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் கொடுப்பார்கள். பதிலுக்கு வகுப்பு எடுக்கவேண்டும். அல்லது ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்யவேண்டும். அமெரிக்கா எட்டாது என்று ஒதுக்கிவிட்ட ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, எம்.எஸ்சைவிடப் பி.எச்டி. எட்டக்கூடியதாக இருக்கலாம். இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் இழந்தவர்கள் எத்தனை பேரோ!

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டவேண்டும். ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய். கட்டணம் அதற்குமேல்.

நிலம் இருக்கிறதே!

"பணத்துக்கு என்ன? நிலம் இருக்கிறதே" என்பார்கள் செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெரியவர்கள். வங்கிக்குப் போனால் ஏமாற்றம் காத்திருக்கும்.

கல்விக் கடன் 7½ லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்குமேல் பொதுவாக வங்கிகள் ஈடு கேட்கும். வீடு, மனை, வங்கியில் போட்ட பணம் ஆகியவற்றை ஏற்பார்கள். நெல்லும் மல்லாட்டையும் விளையும் நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. காரணம் இருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் ஈட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயியைக் காப்பாற்றும் சட்டம், அவர் மகனுக்கு இங்கே குறுக்கே நிற்கிறது!

அப்போது கண் வீட்டு நகைமேல் போகும். இல்லையேல் அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனிகளின்மேல் போகும்.

வட்டிக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். கடன் 30 லட்சம். வட்டி 10 சதவீதம். படிப்பு 2 ஆண்டு. அதன்பின் தவணை தொடங்க ஓர் ஆண்டு அவகாசம். இந்த 3 ஆண்டும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 9 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 39 லட்சம். அதை 10 ஆண்டில் அடைக்க மாதம் 51,500 ரூபாய் கட்டவேண்டும்.

வெளிநாட்டுச் சம்பளத்தில் இது கட்டக்கூடிய தொகைதான். ஊர் திரும்பி இங்கே மாதம் 40,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால்? தவணையே சம்பளத்தை விழுங்கிவிடும். கையெழுத்துப் போடுமுன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவேண்டிய எண் இதுதான். பல்கலைக்கழகத்தின் கட்டணம் அல்ல.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதம் கட்டி வந்தால், கடன் 30 லட்சத்திலேயே நிற்கும். தவணையும் 39,600 ரூபாய் அளவுக்கு இறங்கும். ஆனால் கடைசித் தவணை வாங்கும் நாளில், வட்டியே மாதம் 25,000 ரூபாய் ஆகிவிடும். எல்லா வீட்டாலும் முடியுமா?

உபகாரச் சம்பளம்

1913-ல் பரோடா மன்னர் மாதம் 11½ பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்து ஓர் இளைஞரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அந்த இளைஞர், டாக்டர் அம்பேத்கர்.

இன்று மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்குக் கிடைக்கிறது. இவற்றில் பெரும்பகுதி தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு. நிலமில்லாத விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சில இடங்கள் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கட்டணம் முழுவதையும் அரசே கட்டுகிறது. செலவுக்கும் பணம் தருகிறது; இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9,900 பவுன், அமெரிக்காவில் 15,400 டாலர்.

தமிழ்நாடு அரசுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கென்று இத்தகைய திட்டம் உண்டு. வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் ஆபீசில் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். இதற்கு ஏஜெண்டு தேவையில்லை.

ஜாதி, வருமானம் பாராமல் மார்க்கையும் திறமையையும் பார்த்துக் கொடுப்பவையும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் 'எராஸ்மஸ் முண்டஸ்' திட்டத்தில் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோவும் கையில் கொடுப்பார்கள். பூட்டிய கணக்கில் ஜெர்மனி கேட்கும் மாதத் தொகையைவிட இது அதிகம்! இங்கிலாந்தின் 'செவனிங்' முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் இரண்டு ஆண்டு வேலை பார்த்த அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மனுப் போடும் காலம், படிப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. அல்லது பட்டப் படிப்பின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே விசாரிக்க ஆரம்பித்தால்தான் நேரம் சரியாக இருக்கும்.

விசா மறுக்கப்பட்டால்?

எல்லாம் சரியாகச் செய்தும் சில மனுக்கள் தள்ளுபடியாகின்றன. அப்போது எந்தப் பணம் திரும்பும், எது திரும்பாது?

ஜெர்மனிக்காகப் பூட்டிய பணம், கணக்கு வைத்த செலவு போகத் திரும்பிவிடும். இங்கிலாந்தின் வைத்திய வரி திரும்பும். விசாக் கட்டணம் திரும்பாது. ஆஸ்திரேலியாவின் 2,000 டாலர் திரும்பாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய முன்பணம், அந்தந்த இடத்தின் விதிப்படி. அந்த விதி, இடம் கொடுத்து அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பணம் அனுப்புவதற்கு முந்தின நாள் இரவு, அந்தப் பக்கங்களைப் பிள்ளை உரக்கப் படிக்க, வீட்டில் எல்லோரும் கேட்கலாம்.